இன்னொன்னு சார்

“இன்னொன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்பா.”

குடைத் தொழிற்சாலைப் பரிசோதகர் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வாக்கியம் இது. அதனால் அவர் பெயரே ‘இன்னொன்னு சார்’ ஆகிவிட்டது. இத்தனை குடைதான் பார்ப்பது என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. ஒவ்வொன்றாக விரிப்பார். நல்லதென்றால் கிராப் தாளில் புள்ளி ஒரு கட்டம் ஏறும், பழுதென்றால் இறங்கும். தாளில் மேலே போட்ட கோட்டைத் தொட்டால் சரக்கு பாஸ், கீழே போட்ட கோட்டைத் தொட்டால் நிராகரிப்பு. நடுவில் நின்றால் இன்னொன்று.

ஆனால் இன்று பேக்கிங்காரர் கேட்டது குடையைப் பற்றியல்ல. தாள், பேனா வழங்கும் ஸ்டோர்ஸ் மேடத்திடம் கல்யாணப் பேச்சை எப்போதுதான் எடுக்கப் போகிறீர்கள், தலையில் மிச்சமிருக்கிற நாலு முடியும் கொட்டிய பிறகா என்று கேட்டார்.

அதற்கும் ஒரு தாள் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஸ்டோர்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பார். அவள் சிரித்தால் ஒரு கட்டம் மேலே, உம்மென்று இருந்தால் கீழே. யாருக்கும் தெரியக்கூடாதென்று தலைப்பில் ‘குடை சோதனை’ என்று எழுதியிருந்தார். பதினான்கு மாதமாகியும் புள்ளி எந்தக் கோட்டையும் தொடவில்லை. மாதம் ஒரு தாள் தீரும். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது தருவார்கள். அது ஸ்டோர்ஸ் சட்டம்.

நேற்று தாள் நிரம்பியபோது புள்ளி மேல்கோட்டுக்கு ஒரே ஒரு கட்டம் கீழே நின்றது. இன்று அதைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு வாய் நிறையச் சிரித்தாள்.

தொட்டுவிட்டது! 

“வந்து... என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?”

அவள் இழுப்பறையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் கொடுத்த பழைய தாள்கள், தேதி வாரியாக.

“குடை சோதனைன்னு போட்டிருக்கீங்க. நான் லீவு போட்ட நாள்ல மட்டும் ஏன் சார் புள்ளியே இல்லை?”

அவர் குடை மாதிரி மடங்கிப் போனார். “தெரிஞ்சுமா ஒருநாள் சிரிப்பு, ஒருநாள் உம்முன்னு...?”

“பாஸான குடையைக்கூட நீங்க மறுபடி திரும்பிப் பார்க்கிறதில்லையே. சோதனை முடிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டீங்களோன்னு பயம். அதான் புள்ளியை நடுவுலயே வெச்சிருந்தேன்.”

“அப்புறம் இன்னிக்கு மட்டும் எப்படி...?”

அவள் காலி அலமாரியைக் காட்டினாள்.

“கிராப் தாள் ஸ்டாக் தீர்ந்துபோச்சு சார்.”