துணைப்பாடம் ஒப்பாரி

திமிங்கலங்களின் பேச்சு மனிதருக்குப் புரியத் தொடங்கியிருந்த காலம். கடல் உயிரியல் படிக்கும் மகள் நாகஜோதி துணைப்பாடமாக ஒப்பாரியை எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட முத்திருளப்பர், அவளைக் கையோடு அழைத்துப்போகக் கல்லூரிப் படகிலேயே ஏறிவிட்டார்.

"நம்ம வீட்டுப் பொம்பளைக அடுத்தவன் எழவுக்கு மாரடிச்சதுண்டா? கணக்கு, கம்ப்யூட்டர்னு எடுத்தா என்னத்தா?"

"அதுக்கெல்லாம் நெறைய ஆளு இருக்காக ஐயா. திமிங்கலங்க அழுதா கூடச் சேந்து அழத்தான் ஆளில்ல."

"குடும்ப மானத்த கடல்ல கரைக்கப் போற."

நடுக்கடலில் ஒரு தாய்த் திமிங்கலம், செத்த குட்டியைத் தலையில் ஏந்தியபடி பல நாளாக இரையெடுக்காமல் மிதந்துகொண்டிருந்தது. நாகஜோதி மைக்கைப் பிடித்து, நீருக்குள் கேட்கும்படி இழுத்துப் பாடினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் தாய் பாட்டின் அடுத்த அடியை எடுத்தது. படகின் பலகைகள் அதிர்ந்தன. தொலைவிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. கண்ணுக்கெட்டிய கடல் முழுவதும் முறைவைத்து அழுதது. தாய் மெல்லத் தலையைச் சாய்த்துக் குட்டியை விட்டது.

முத்திருளப்பர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நிறுத்திராத ஆத்தா," என்றார். "சாதிசனம் இன்னும் வந்துக்கிட்டிருக்கு."