விரலால் இறங்கிய மூன்றாவது மாடி

“கொஞ்சம் தள்ளி உட்காருங்க மேடம். தோள்பட்டை கழண்டு கையில வந்துடும் போல இருக்கு.”

மேலாளர் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அவள். தலை நிமிராமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். கையில் இருந்த போனில் ஏதோ வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

வந்தவர் லாரிக்காரர். சொந்தமாக ஒரு லாரி, சுமை தூக்க எட்டு ஆட்கள். காலையில் ஒரு வீட்டுக்குப் பீரோ ஏற்றிக் கொடுத்துவிட்டு அதே வேர்வைச் சட்டையோடு படியேறி வந்திருந்தார். இந்த அலுவலகம் கீழ்த்தளத்தோடு மூன்று மாடியையும் காலி செய்துகொண்டு வேறு கட்டடத்துக்குப் போகிறது. எதை எப்படி இறக்குவீர்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் கிளை அலுவலகங்களின் வேலையும் பின்னாலேயே வரும். கிடைக்காவிட்டால் லாரியை விற்க வேண்டியதுதான். எட்டுப் பேரும் எட்டுத் திசைக்குப் போய்விடுவார்கள்.

போனை எடுத்து, எழுதியதை வாய்க்குள் ஒருமுறை படித்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

“இதையேவா உள்ள காட்டப் போறீங்க?”

“ஆமா மேடம். ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்.”

“எழுதல அண்ணே, கொட்டி வெச்சிருக்கீங்க. மூணு மாடிச் சாமானையும் ஒரே மூட்டையா கட்டின மாதிரி.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்ததைப் படியேறும்போதே பார்த்திருந்தார்; உள்ளே போய் வருகிறவள் சொன்னால் காரணம் இருக்கும். போனை அவள் பக்கம் நீட்டினார். அவள் கட்டைவிரல் நகம் நசுங்கிக் கறுத்திருந்தது. மேசை இழுப்பறையில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் எதையோ தொட்டாள். முதல் வரிக்கு முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. ஒரு சாமான் முடிந்ததும் வளைந்த அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த புள்ளி தானாக வரும் என்றாள். தட்டினார். வந்தது. இன்னொரு முறை தட்டினார். அதுவும் வந்தது.

“என் ஆளுங்ககூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்க மாட்டானுங்க” என்றார். இருவரும் சிரித்தார்கள்.

அடுத்ததாக, வரியை உள்ளே தள்ளக் கற்றுக்கொடுத்தாள். மாடியின் பெயர் வெளியே, அந்த மாடிச் சாமான்கள் அதற்குக் கீழே உள்ளே. புள்ளிக்குப் பதில் கட்டம் வைத்தால், இறக்கியதும் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம். அவருக்கு ஆவல் தாங்கவில்லை. அவசரத்தில் எதையோ அழுத்த, மேலாளரின் மேசை போய்த் துடைப்பத்துக்கும் வாளிக்கும் கீழே ஒடுங்கிக்கொண்டது. பதறிப்போனார்.

“இருக்கட்டும் விடுங்க அண்ணே. பொருத்தமாத்தான் இருக்கு” என்றாள் அவள்.

சொந்த மேலாளரை இப்படிப் பேசுகிறாளே என்று அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“மூணாவது மாடியை ஏன் முதல்ல வெச்சிருக்கீங்க? கீழ்த்தளம் காலியானாத்தானே மேல இருந்து வர்ற சாமானுக்கு வழி கிடைக்கும்? அந்த வரியை விரலால அழுத்திப் பிடிச்சுக் கீழ இழுங்க.”

இழுத்தார். தலைப்பு மட்டும் வரும் என்றுதான் நினைத்தார். நாற்காலி, அலமாரி, இரும்புப் பெட்டகம் என்று அந்த மாடியே மொத்தமாக விரலோடு இறங்கிக் கடைசியில் போய் நின்றது. வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தார்.

“கயிறு கட்டல, ஆள் பிடிக்கல. மூணாவது மாடியே இறங்கிடுச்சே மேடம்.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நானே இப்பதான், இதே பெஞ்சில உட்கார்ந்து தட்டித் தட்டிக் கத்துக்கிட்டேன்.”

பெரிய மனசு, நமக்காகத் தணிந்து பேசுகிறாள் என்று நினைத்தார். தோள் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. உள்ளிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தவர், வேலை கிடைத்தால் டீ வாங்கித் தருகிறேன் என்றார்.

“மறந்துடாதீங்க அண்ணே. காலையில இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல” என்றாள்.

மேலாளர் போனை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பாதியில் திரும்பிப் போய் எதையும் தேடவில்லை. பெட்டகத்தை எத்தனை பேர் இறக்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். பதில் வந்ததும் தலையாட்டினார்.

“ஞாயித்துக்கிழமை லாரியோட வந்துடுங்க. கிளை ஆபீஸ் வேலையையும் நீங்களே பாத்துக்கோங்க.”

லாரிக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. எட்டுப் பேரின் முகங்களும் கண் முன்னால் வந்து போயின. சந்தோஷத்தை யாரிடமாவது கொட்டாமல் இருக்க முடியவில்லை.

“இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்ததே உங்க ஆபீஸ் மேடம்தான் சார். வெளிய பெஞ்சில உட்கார்ந்திருக்காங்களே, அவங்க.”

மேலாளர் நிமிர்ந்தார்.

“அவங்களா? எங்க ஆபீஸ் இல்லப்பா. உங்களை மாதிரி லாரி வெச்சிருக்கிற அம்மா, இதே வேலைக்கு வந்தவங்க. எல்லாத்தையும் ஒரே பத்தியா எழுதிட்டு வந்தாங்க, இதை யார் படிக்கிறதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். பிறகு வரிசையா மாத்தி எழுதிட்டேன்னு மறுபடி வந்து நின்னாங்க. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்னு சொல்லிட்டேன்.”

லாரிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது. அவளுக்குத் தர வேண்டிய டீ இன்னும் பாக்கி.