தண்ணி குடிச்சா ஊசி உடையும்

"சடக்!"

ஊசி உடைந்தது. தையல் கம்பெனியில் அந்த வரிசையே புதுசா வந்தவளைத் திரும்பிப் பார்த்தது.

"தண்ணி குடிச்சியா?"

கத்தரிக்கோல் அக்கா எழுந்தே வந்துவிட்டாள். அவள் வாய்க்குப் பயந்து எல்லாரும் வைத்த பெயர் அது.

"ரெண்டு மடக்குதான்க்கா."

"சேர்ந்த அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? மெஷின்ல உட்கார்ந்தவ தண்ணி குடிச்சா ஊசி உடையும். அடுத்தது விரல்ல ஏறும். கொண்டா பாட்டிலை!"

பிடுங்கிக்கொண்டாள்.

"இவளால நமக்கும் சேர்த்து உடையப்போகுது" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

புதுசா வந்தவள் யாரையும் எதிர்த்துப் பேசியதே இல்லை. இன்றைக்குத் தாங்கவில்லை.

"வீட்டுல நாலு மாசப் பிள்ளை இருக்குக்கா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காய்ஞ்சு கிடந்தா பால் எங்கேர்ந்து ஊறும்? நேத்து வெறும் மாரைச் சப்பிச் சப்பி அழுதே தூங்கிச்சு. தடிச்ச துணிக்கு மெல்லிசு ஊசியைக் குடுத்தா உடையத்தான் செய்யும். தண்ணி என்ன பண்ணும்?"

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தான்.

"உங்க நம்பிக்கையில நான் தலையிட மாட்டேன்ம்மா. நீ பாட்டுக்குக் குடி."

அவனே சொல்லிவிட்டான்! பாட்டிலைத் திரும்பப் பிடுங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து கக்கூஸ் பக்கம் போனாள். சூப்பர்வைசரும் எழுந்தான்.

கத்தரிக்கோல் அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா! இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா? உன் வயசுக்கு வெட்கமா இல்ல?"

அக்காவின் பிடி இறுகியது. குரல் மட்டும் இறங்கியது.

"கத்தாதடி. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவன்தான் கழட்டினான். எவ போனாலும் பின்னாடியே போவான். நீ போ, நான் வாசல்ல நிக்கிறேன்."

அவள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ... ஊசி?"

"முதல்ல இவனைப் பத்தித்தான்டி எல்லார்கிட்டயும் சொன்னேன். 'நல்ல மனுஷன் மேல பழி போடாதே'ன்னு என்னைத்தான் ஏசினாளுங்க. அப்புறம் ஊசி உடையும்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து ஒருத்தியும் இந்தப் பக்கம் வரல."