மேட்டு லயம் படமானது

திரையில் தப்பு அடித்தவன் அந்தப் பறையைப் பிடித்திருந்த விதத்திலேயே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

பிள்ளையை இடுப்பில் வைப்பதுபோல வைத்திருந்தான். கொட்டும் மழை என்று காட்டுகிறார்கள். தோலோ கணீரென்று பேசுகிறது. நனைந்த தோல் அப்படிப் பேசாது, சொத்சொத்தென்றுதான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியைக் காலி செய்து, சன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கி, வெள்ளைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். போன வருஷ மழையில் மேட்டு லயத்து வீட்டு வரிசையை மண் மூடியதைக் கொழும்புக்காரர்கள் படமாக எடுத்திருக்கிறார்களாம். செத்தவர்களின் சொந்தக்காரர்களுக்குத்தான் முதலில் காட்டுகிறார்களாம். பெரிய மரியாதைதான்.

நாற்காலிகளில் தோட்டத்துத் துரையும், அவருக்குக் கீழே எங்களை வேலை வாங்கும் கண்டாக்கும், படம் கொண்டுவந்த படவண்டி ஐயாவும். தரையில் நாங்கள்.

முதலில் எங்கள் மலை வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த கூரைத் தகரம் வந்தது. பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்கள். அதுவரைக்கும் சரி.

“அதிகாலையிலேயே தப்பு முழங்கியது. எனினும் தொழிலாளர் துயில் நீங்க மறுத்தனர்” என்றது படத்தின் குரல், வானொலித் தமிழில்.

ஒருவன் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு புரண்டு படுத்தான்.

அவ்வளவுதான். மாடியே எழுந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த அழகன் தன் வெற்றிலைப் பையைத் திரையில் விட்டெறிந்தான். யாரோ சன்னல் சாக்கைப் பிய்த்தார்கள். வெளிச்சம் விழுந்து, தூங்கியவன் துணியிலிருந்து மறைந்துபோனான். எப்போது அடித்தது, யார் கேட்டது என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கீழ் லயங்களில் இருந்த ஒருவருக்கும் அன்றைக்குத் தப்புச் சத்தம் கேட்கவில்லை. ஓடையின் இரைச்சல்தான் கேட்டது.

எனக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. மேட்டு லயத்துக்கு மேலே மண் வெடித்தது, சரிவதற்குப் பத்து நாளைக்கு முன்னால். முதலில் விரலை விட்டுப் பார்த்தோம், பிறகு கையை விட்டுப் பார்த்தோம். போய்ச் சொன்னோம். மழை விடட்டும் பார்க்கலாம் என்றார் துரை. அந்த வெடிப்பு படத்தில் ஓர் இடத்திலும் இல்லை. தூங்குகிறவன் மட்டும் இருக்கிறான். செத்தவன் எழுந்து வந்து கேட்கமாட்டான் என்ற தைரியம்.

பேச்சியம்மா மட்டும் கத்தவில்லை. ஒரு வயசுப் பிள்ளையோடு நேராக என்னிடம் வந்தாள். மண் சரிந்த அன்று அவள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளையைப் பெற்றுக் கிடந்தாள். லயத்தில் அவள் புருஷன் சோலைமலையும் மூத்தது இரண்டும் இருந்தார்கள்.

“சத்தங் கேட்டும் புள்ளைகளப் போட்டுக்கிட்டு தூங்குனாருன்னு ஊர் ஊரா காட்டப் போறாங்கண்ணே. பத்தொம்பது வருசமா இங்க தப்பு அடிக்கிறது நீங்கதானே. நீங்க சொல்லுங்க.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். படவண்டி ஐயா நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நடந்தது வேறு என்றால் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார்.

கண்டாக்கு என்னையே பார்த்தார்.

“என்னைய யாரும் அடிக்கச் சொல்லலீங்க. நான் அடிக்கல” என்றேன்.

கண்டாக்கு பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். பேசினால் மண் வெடித்ததை எப்போது பார்த்தீர் என்ற கேள்வி வரும். உட்கார்ந்துகொண்டார். துரை தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

ஐயா எழுதிக்கொண்டார். பேச்சியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அன்றைக்குக் கண்டாக்கு என்னிடம் சொன்னார். விடியுமுன்னே என் கதவைத் தட்டி, மேட்டில் மண் இறங்குது, எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுத் துரை பங்களாவுக்கு ஓடினார்.

நான் அடித்தேன். தோலைக் காய்ச்ச நெருப்புப் பிடிக்காத மழை. மேட்டு லயத்து வாசலில் நின்று, தினமும் வேலைக்கு எழுப்புகிற பெரட்டு அடியை அடித்தேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தக் களத்துக்குக் கூப்பிட அதுதானே அடி.

சோலைமலை கதவைத் திறந்தான். இரண்டில் சின்னது அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

“இந்த மழையில பெரட்டா? மொதல்ல தொரைய கொழுந்தெடுக்க மலைக்குப் போகச் சொல்லுண்ணே” என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான். நான் கத்தியது சாத்திய கதவில்தான் பட்டது.

பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒவ்வொன்றாகத் தட்ட நேரமில்லை. அடித்துக்கொண்டே லயத்தின் கோடிக்கு ஓடினேன். ஒரு கதவும் திறக்கவில்லை.

இன்னொரு அடி என் கையில் இருந்தது. சாவு அடி. அதைக் கேட்டிருந்தால் யார் வீட்டில், யார் வீட்டில் என்று பன்னிரண்டு கதவும் திறந்திருக்கும். முதல் ஆளாக சோலைமலைதான் ஓடிவந்திருப்பான்.

குச்சியை மாற்றிப் பிடித்தேன். ஒருத்தரும் சாகாத லயத்து வாசலில் அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

கோடியைத் தாண்டியபோது எனக்குப் பின்னால் மலை இறங்கியது.

மறுநாள் அந்த அடியை அடித்தேன். திறக்க ஒரு கதவும் இல்லை.