இருபது வருட வித்தியாசம்

பாபிலோன்காரர்கள் எருசலேமை அழித்தது கி.மு. 607-இல் என்பது சபையின் கணக்கு. இல்லை, 587 என்று மல்லுக்கு நின்ற மகனைச் சபை விலக்கி மூன்று வருடமாயிற்று. விலக்கப்பட்டவர்களிடம் பெற்றவர்கள்கூடப் பேசக்கூடாது.

இன்று அவனே வந்து கதவைத் தட்டினான். அப்பா திறந்தார்.

"இனிமே நீங்க என்கிட்ட பேசலாம்ப்பா. 607தான் சரின்னு நேத்து எங்க ஊர்ச் சபையில எழுதிக் கொடுத்துட்டேன். சேர்த்துக்கிட்டாங்க."

அப்பா வாயே திறக்கவில்லை.

"நம்பியா எழுதினேன்? அம்மா குரலைக் கேக்காம பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்துச்சு. இன்னும் என்னப்பா கோபம்?"

அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ விட்டுட்டுப் போன புத்தகத்தையெல்லாம் படிச்சேன்டா. பாபிலோன் களிமண் பலகையில இருக்கிற கணக்கு, ராஜாக்கள் ஆண்ட வருஷம், ஒண்ணு விடல. எப்படிக் கூட்டினாலும் 587தான் வருது. போன வாரம் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிட்டேன்."

"ஐயோ! அப்புறம்?"

"என்னையும் விலக்கிட்டாங்க. உங்கம்மா என்கிட்ட பேசி ஆறு நாளாச்சு. உள்ள போ. அவளுக்குப் பேச இனி நீ ஒருத்தன்தான். என்கிட்ட பேசினா உன்னையும் மறுபடி தள்ளிடுவாங்க."

"அப்பா..."

அப்பா மகனின் வாயைப் பொத்தினார்.