மஞ்சள் கோட்டின் மேல் ஒரு தூக்கம்

பட்டப்பகலில், ஆலைக்குள் மேனேஜர் நடந்து வரும் பாதையின் மஞ்சள் கோட்டின் மேலேயே அட்டையை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டான் இலியாஸ்.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் வேலை நேரத்தில் கண்ணயர்கிறவர்கள் உண்டு. ஆனால் எல்லாரும் மறைவிடம் தேடுவார்கள். இவன் நடுவழியில் கடை விரித்தான். மேனேஜர் வந்தார், போட்டோ எடுத்தார், போய்விட்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. இலியாஸுக்கு இந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது. கையெழுத்து ஹெச்.ஆர். அதிகாரி மேகலா. அவர் சிரித்து அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை.

யூனியன் செயலாளர் கங்கப்பனுக்கு ரத்தம் கொதித்தது. இலியாஸைக் கையோடு இழுத்துக்கொண்டு மேகலாவின் அறைக்குள் நுழைந்தார்.

"நெஞ்சுல ஈரமே இல்லையா மேடம்? கம்பெனி கேட்டு முன்னாடி வெயில்ல தர்ணா உக்காந்து வாங்குன உயர்வு இது. இவன் பொண்டாட்டி வேற சீக்காளி!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஏதோ அசதியில கண்ணு சொருகிடுச்சு. ஒரு மெமோ குடுத்து விட்டுற வேண்டியதுதானே?"

"மெமோ பத்தாது. உயர்வை நிறுத்தித்தான் ஆகணும்."

"அண்ணா, விட்டுருங்கண்ணா..." என்று இலியாஸ் இழுத்தான்.

"நீ சும்மா இருடா!"

கங்கப்பன் செல்லை எடுத்தார். தேர்தல் நேரம். கட்சியின் மாவட்டச் செயலாளர் முதல் ரிங்கிலேயே எடுத்தார். "தொழிலாளி வயித்துல அடிக்கிறாங்கண்ணா!" என்ற ஒரு வரி போதுமாயிருந்தது.

சற்று நேரத்தில் மேகலாவின் மேஜை போன் அடித்தது. பெரிய அதிகாரி.

"சார், வேண்டாம் சார்... ஒரு நிமிஷம் கேளுங்க சார்..." என்றவர் கடைசியில், "சரி சார்" என்று போனை வைத்தார்.

"தண்டனை ரத்து. உயர்வு உண்டு."

கங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினார். இலியாஸ் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னாடா, சந்தோஷத்துல மயக்கமா?"

"உயர்வு வந்தா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கான சம்பள வரம்பைத் தாண்டிருவேண்ணா. கொஞ்ச நாள்ல கார்டு செல்லாமப் போயிரும். எம் பொண்டாட்டி குல்ஷனுக்குக் கேன்சர் ஊசி அந்தக் கார்டுலதான் போடுறாங்க. உயர்வையும் சேத்து மொத்தச் சம்பளத்தையும் குடுத்தாக்கூட ஒரு ஊசி வாங்க முடியாதுண்ணா."

"முதலமைச்சர் காப்பீடு இருக்குதேடா?"

"அதுக்கு வருமானம் ஜாஸ்தின்னு அப்பவே தள்ளிட்டாங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"மே தினத்தன்னைக்குச் சொன்னேனே! வரம்பை உயர்த்த டெல்லியில குரல் குடுப்போம்னு மைக்ல பேசுனீங்க. நானுந்தான் கைதட்டுனேன்."

கங்கப்பன் அவசரமாக அதே எண்ணுக்கு மறுபடி அடித்தார். "அண்ணா, அந்த இ.எஸ்.ஐ. வரம்பைக் கொஞ்சம்..."

"அது சட்டம்யா. நம்ம கையில என்ன இருக்கு? சரி, உயர்வு வாங்கிக் குடுத்ததுக்குப் போஸ்டர் அடிச்சிரு. எம் போட்டோ பெருசா இருக்கட்டும்."

கங்கப்பன் செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

இலியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மேடம், நாளைக்கும் அங்கயே படுக்கட்டுமா?"

"வேண்டாம் இலியாஸ். இனி படுத்தா வேலையே போயிடும்னு போன்ல பெரிய சார் சொல்லிட்டார்."

கங்கப்பனுக்கு விளங்கவில்லை. "தூங்குறதுக்கு இவங்ககிட்ட ஏன்டா கேக்குற?"

மேகலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தண்டனை இல்லாம உயர்வை நிறுத்த உங்க யூனியன் ஒப்பந்தத்துல வழியில்ல சார். அதான், மேனேஜர் வர்ற வழியாப் பாத்துப் படுங்கன்னு நான்தான் சொன்னேன்."