ஒன்பது சிவப்பு ரிப்பன்

"எவன்டா இந்த வேலையைப் பார்த்தது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

குன்றே அதிரக் கத்தினார் மரக்கன்று கான்ட்ராக்டர் கந்தசாமி. குழி தோண்டிய நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துளை போடும் மெஷினைப் பிடித்த காசிம் பாய் மட்டும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

குழி ஓரத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். கையில் இரண்டாக அறுபட்ட கிழங்கு. சின்ன வெங்காயம் அளவுதான்.

போசரி கம்பெனியில் ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் வீடு இருக்கும் சாங்வியிலிருந்து ஸ்கூட்டியில் இந்தக் குன்றுக்கு வருவாள். இங்கே மராத்தியில் இதை டேக்டி என்பார்கள். ஐந்து வருஷமாக ஒரே செடியைத்தான் நோட்டில் வரைகிறாள். இந்தப் பக்கத்து மலைகளைத் தவிர வேறெங்கும் முளைக்காத செடி. மழையில் லாந்தர் மாதிரி ஒரு பூ. மற்ற மாதமெல்லாம் மண்ணுக்குள்ளே கிழங்காகத் தூக்கம்.

யாரும் மிதிக்கக் கூடாதென்று, போன மழையில் பூத்த ஒன்பது இடத்திலும் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள்.

ஒன்பது இடத்திலும் இப்போது குழி.

"போன வாரம் நோட்டைக் காட்டினப்போ, அந்தப் பக்கமே வரமாட்டோம்னு சொன்னீங்களேண்ணா."

"சொன்னேன்மா! இந்தக் கழுதைங்க ரிப்பனைப் பார்த்துட்டு, குழிக்குத்தான் அடையாளம் போட்டிருக்குன்னு நினைச்சிடுச்சுங்க. விடு. நாலு நல்ல கன்னு தர்றேன், வீட்ல கொண்டுபோய் வை."

"வேண்டாம்ணா."

"ஒண்ணு கூடவா பிழைக்காது?"

"எல்லாத்தையும் பார்த்துட்டேன். இந்த டேக்டில இருந்ததே அவ்வளவுதான்."

நோட்டைத் திறந்து தேதி போட்டாள். கீழே எதுவும் வரையவில்லை. மூடிவிட்டாள்.

"அவங்களைத் திட்டாதீங்க. ரிப்பன் கட்டினது நான்தானே? சும்மா இருந்திருந்தா பிழைச்சிருக்கும். நானே காட்டிக் கொடுத்துட்டேன்."

தள்ளிப்போய் ஒரு பாறையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

கந்தசாமிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"கேட்டீங்களாடா? பாவம், தன்னையே நொந்துக்குது. தப்புப் பண்ணவன் எவனோ, அவன் அந்தப் பொண்ணு முன்னாடி போய் நின்னு ஒத்துக்கணும். இப்பவே!"



காசிம் பாய் பக்கத்தில் வந்தார். குரலைத் தணித்தார்.

"எங்க வெச்சாலும் பாறை, மெஷின் இறங்கலன்னு நேத்து உன்கிட்ட சொன்னேன். நீ என்ன சொன்னே? 'செடி இருக்கிற இடத்துலதான் பாய் மண்ணு இருக்கும். ரிப்பனைப் பார்த்துப் போடு. நாளைக்கு நமக்குப் பணம் தர்ற கம்பெனி ஆளுங்க மரம் நட்டு போட்டோ எடுக்கணும், ஒன்பது குழி போதும்'னே."

கந்தசாமி அந்தப் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போ கந்தசாமி. அந்தப் பொண்ணு இன்னும் கீழ இறங்கல. போய் ஒத்துக்க."